புளி வியாபாரமும் தொழில் வகுப்பும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பி.காம் முடித்து மூன்று வருடம் ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். இப்போது ஊருக்கே வந்துவிட்டேன். புளி வாங்கி, கொட்டை எடுத்து, பாக்கெட் போட்டு விற்கலாம் என்று யோசனை. தொழில் தொடங்குவது பற்றி யூடியூபில் நான் பார்க்காத வீடியோ இல்லை. ஆனாலும் பயம் போகவில்லை. முறையாக எங்கே கற்றுக்கொள்வது? மானியக் கடன் வாங்கலாமா?

க., பென்னாகரம்

அன்புள்ள க.,

கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு இன்னும் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே! ஒரு தாளை எடுங்கள். ஓட்டோடு 100 கிலோ புளி வாங்கினால் சதை ஏறக்குறைய 55 கிலோதான் தேறும். கொட்டை 34 கிலோ, மீதி ஓடும் நாரும். வாங்கும் விலை கிலோ 50 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் (உண்மை விலையைச் சந்தையில் கேளுங்கள்), சதை கிலோ 91 ரூபாயில் வந்து நிற்கிறது. அதற்கு மேல் புளி தட்டும் பெண்களுக்குக் கூலி, பாக்கெட், வண்டி வாடகை. கொட்டையை வீசிவிடாதீர்கள். நூலுக்குக் கஞ்சி போட அதன் மாவு போகிறது. அந்தக் காசையும் கழித்துத்தான் அடக்கவிலை.

அப்புறம் ஒன்று. புளி வருவது மாசி முதல் சித்திரை வரை. குழம்பு கொதிப்பதோ வருஷம் முழுக்க. மாதம் 500 கிலோ விற்பதென்றால் வருடத்துக்கு 6 டன். அந்த மூன்று மாதத்திலேயே ஐந்தரை லட்சம் ரூபாய் புளியாக மாறி மூட்டையில் உட்கார்ந்துவிடும். ஐப்பசியில் விற்கப்போகும் புளிக்குப் பங்குனியிலேயே பணம் கொடுத்தாக வேண்டும். நாளாக ஆகக் கறுக்கும் என்பதால் குளிர்பதனக் கிடங்கு வாடகை வேறு. பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

நான் தர்மபுரியில் இரண்டு வருடம் ராகி மாவு பாக்கெட் போட்டவன். நோட்டில் லாபம், கையில் காசில்லை. எல்லாம் கடைகளில் பாக்கி. 'அடுத்த வாரம் வாங்க சார்' என்பதைக் கேட்டுக் கேட்டே கடையை மூடினேன். தப்பு கடைக்காரர்கள்மேல் இல்லை, கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்த என்மேல்தான்.

வகுப்பு வேண்டுமென்றால் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்துக்குப் போங்கள். இலவசம், சாப்பாடும் உண்டு. கடனுக்கு மாவட்டத் தொழில் மையம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமத்துப் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம், நம் பங்கு 5 சதவீதம். ஆனால் மானியம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே டெபாசிட்டாக இருந்து பிறகுதான் கடனில் கழியும். அதை நம்பி மூட்டை வாங்கிவிடாதீர்கள். சிறு தொழில்களை அரசிடம் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும்.

சரி, அதற்கெல்லாம் முன்பு ஒரு மூட்டை மட்டும் வாங்கித் தட்டி, பத்து வீட்டுக்கும் இரண்டு மெஸ்ஸுக்கும் கொடுத்துப் பாருங்கள். இரண்டாம் முறை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுக்கும் இரண்டு கிலோ. கடனுக்கு வேண்டாம், காசு கொடுத்துவிடுகிறேன்.