கையில் கட்டும் ஜி.பி.எஸ்.: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களுடன் கொல்லிமலைக்குச் சைக்கிளில் ஏறுகிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை காட்டு வழியில் மலையேற்றமும் உண்டு. ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் ஒன்று வாங்க நினைத்துக் கடைக்குப் போனால், மூவாயிரத்துக்கும் காட்டுகிறார்கள், அறுபதாயிரத்துக்கும் காட்டுகிறார்கள். இரண்டு பெட்டியிலும் ‘பத்து நாள் பேட்டரி’ என்றே அச்சிட்டிருக்கிறது. எதைப் பார்த்து முடிவு செய்வது?
— வாசகர், நாமக்கல்

பதில்: மூவாயிரம் ரூபாய்க் கடிகாரத்தில் ஜி.பி.எஸ். இருக்கிறதா என்பதையே முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த விலையில் கிடைப்பவற்றுள் பல, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனின் ஜி.பி.எஸ்.ஸைக் கடன் வாங்கித் திரையில் காட்டுகின்றன. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் அவை காலடிகளை எண்ணித் தூரத்தை ஊகிப்பதோடு சரி. ‘கனெக்டட் ஜி.பி.எஸ்.’ என்று எழுதியிருந்தால் அதற்கு இதுதான் பொருள். ‘பில்ட்-இன்’ என்று இருந்தால்தான் செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் கருவி கடிகாரத்துக்குள்ளேயே உள்ளது.

அடுத்து, அந்தப் பத்து நாளை மறந்துவிடுங்கள். மணி பார்க்கவும் குறுஞ்செய்தி படிக்கவும் மட்டும் பயன்படுத்தினால் வரும் கணக்கு அது. ஜி.பி.எஸ். இடைவிடாமல் இயங்கும்போது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதே உங்களுக்கு வேண்டிய எண். அது பெட்டியின் முகப்பில் இராது, விவரப் பட்டியலின் கடைசி வரிகளில் ஒளிந்திருக்கும். உங்களுடைய மிக நீண்ட பயணம் பத்து மணி நேரம் என்றால், பதினைந்து மணி நேரமாவது தாங்குவதாகப் பாருங்கள். பேட்டரிக்கு வயதாகும் என்பதோடு, நிறுவனம் சொல்லும் நேரம் திரை வெளிச்சம், இதயத்துடிப்பு அளவி போன்றவற்றைச் சாதகமாக வைத்துக் கணக்கிட்டதாகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். சில கடிகாரங்கள் ‘ஐம்பது மணி நேரம்’ என்று பெரிதாகச் சொல்லும். ஆனால் அது வினாடிக்கு ஒருமுறை இடத்தைக் குறிக்காமல், நிமிடத்துக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ குறிக்கும் சிக்கன முறையில் கிடைக்கும் நேரம். சமவெளி நெடுஞ்சாலையில் அதனால் பெரிய குறை தெரியாது. உங்கள் மலையோ 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் மூச்சு வாங்க மிதித்தாலும் ஒரு நிமிடத்தில் 130 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவீர்கள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் இடையில் ஒரு வளைவே போய்விடும். கடிகாரம் இரண்டு புள்ளிகளையும் நேர்க்கோட்டால் இணைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து பார்த்தால், நீங்கள் சாலையில் ஏறாமல் பாறையைக் குறுக்கே தாண்டி ஏறியதாகத்தான் கோடு சொல்லும், தூரமும் குறைந்திருக்கும். ஏறிய வேர்வைக்குக் கணக்கு வேண்டுமென்றால், வினாடிக்கொருமுறை பதியும் முறையில் எத்தனை மணி நேரம் என்று கேட்டு வாங்குங்கள்.

‘டூயல் பேண்ட்’ என்னும் இரட்டை அலைவரிசைக்குக் கூடுதலாகப் பணம் தரலாமா என்பது நீங்கள் செல்லும் வழியைப் பொறுத்தது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் தரையை எட்டும்போது மிகவும் மெலிந்திருக்கும். திறந்த சாலையில் அது நேராகக் கைக்கு வந்து சேரும். செங்குத்தான பாறைச் சுவருக்கு அருகிலும், மழையில் நனைந்த இலைகள் வானத்தை மூடிய சோலைக்காட்டிலும், பாறையில் மோதித் தெறித்த சிக்னல் சற்றுத் தாமதமாக வந்து கணக்கைக் குழப்பும். வழக்கமான 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையுடன் இரண்டாவதாக 1176.45 மெகாஹெர்ட்ஸிலும் கேட்கும் இரட்டை அலைவரிசைக் கடிகாரம் அந்தத் தெறிப்பைப் பெருமளவு பிரித்தறிந்துவிடும்; ஆனால் பேட்டரி விரைவாகத் தீரும். சைக்கிளுக்கு மட்டும் என்றால் இது தேவையில்லை. உங்கள் மலையேற்றங்கள் பள்ளத்தாக்குகளில் என்றால் பணம் வீணாகாது.

திரையில் வண்ண வரைபடம் காட்டும் கடிகாரங்களின் விலை உடனே ஏறிவிடுகிறது. தமிழ்நாடு வனத்துறையின் மலையேற்றத் தடங்களில் வழிகாட்டி உடன் வருவார் என்பதால், வந்த வழியைக் கோடாகக் காட்டித் திருப்பி அழைத்துச் செல்லும் வசதி இருந்தாலே உங்களுக்குப் போதும் என்பது என் கருத்து. தொடுதிரை மட்டும் உள்ளதைத் தவிர்த்துவிடுங்கள். வியர்வையும் மழையும் பட்ட விரலுக்கு அது பணியாது. பொத்தான்கள் இருக்கட்டும்.

வாங்கியதும், திருப்பித் தரும் காலக்கெடு முடிவதற்குள் 400 மீட்டர் ஓடுதளத்தின் உட்பாதையில் பத்துச் சுற்று ஓடிப் பாருங்கள். நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டினால் அது இயல்பு. நாலரை என்றால் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: என் கடிகாரத்தில் காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் வசதி இருக்கிறது. வீட்டு மேசையில் வைத்திருக்கும்போதே காலையில் ஓர் உயரமும் பிற்பகலில் இருபது மீட்டர் கூடுதலாகவும் காட்டுகிறது. பழுதா?
— வாசகி, உதகை

பதில்: பழுதில்லை. உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறையும் என்ற ஒரே விதியை அந்தக் கருவி நம்பியிருக்கிறது. நீங்கள் நகராமல் அழுத்தம் மட்டும் குறைந்தாலும் ஏறிவிட்டீர்கள் என்றே எண்ணிக்கொள்ளும். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் மழை மேகமே இல்லாவிட்டாலும் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருந்து, மாலை நான்கு மணி வாக்கில் இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு எட்டு முதல் பத்து மீட்டர் என்று கொண்டால் உங்கள் இருபது மீட்டர் வந்துவிடுகிறது. புறப்படும் இடத்தின் உண்மையான உயரத்தை ஒவ்வொரு முறையும் பதிந்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். அதற்கு ரயில் நிலையப் பெயர்ப்பலகையைப் போல் நம்பகமான இலவச உதவி வேறில்லை. கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று அதில் எழுதியிருக்கும். இவ்வளவு தொல்லை இருந்தும், ஒரே நாளில் எவ்வளவு ஏறி இறங்கினோம் என்பதைச் சொல்ல, செயற்கைக்கோள் தரும் உயரத்தைவிட இதுவே மேல்.

கேள்வி: செல்போன் சிக்னலே இல்லாத காட்டில் ஜி.பி.எஸ். கடிகாரம் வேலை செய்யுமா? ஆபத்து என்றால் அதிலிருந்தே உதவி கேட்க முடியுமா?
— வாசகர், தேனி

பதில்: முதல் கேள்விக்கு ஆம். கடிகாரம் செயற்கைக்கோளிலிருந்து கேட்பது மட்டுமே. அதற்கு செல்போன் கோபுரம் வேண்டாம். புறப்படும் முன் திறந்த வெளியில் ஓரிரு நிமிடம் நின்று இடத்தைப் பிடிக்க விடுங்கள். வரைபடம், வழித்தடக் கோப்பு ஆகியவற்றை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை. பல கடிகாரங்களில் உள்ள எஸ்.ஓ.எஸ். பொத்தான் உங்கள் போன் வழியாகவே செய்தி அனுப்பும். போனுக்குச் சிக்னல் இல்லையென்றால் பொத்தானுக்கும் பயனில்லை. செயற்கைக்கோளுக்கே செய்தி அனுப்பும் கருவிகளும், அந்த வசதி சேர்ந்த சில விலையுயர்ந்த கடிகாரங்களும் வெளிநாடுகளில் விற்கின்றன. இந்தியாவில் செயற்கைக்கோள் தொடர்புக் கருவிகளைத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். அவற்றைக் கொண்டுவந்த பயணிகள் விமான நிலையத்திலேயே பிடிபட்டிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மைத்துனர் வாங்கி வருவதாகச் சொன்னால், அது எந்த மாதிரி என்று கேட்டு, இந்த வசதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.