கேள்வி பதில்: ஜிம் பேக்கரின் தொலைக்காட்சி ஊழியமும் காணிக்கைக் கணக்கும்

செந்தூல் வாசகர்: ஐயா, அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் ஜிம் பேக்கர் பெண் விவகாரத்தால்தானே சிறைக்குப் போனார்?

இல்லை. ஜெசிக்கா ஹான் என்ற பெண்ணுடனான விவகாரம் வெளிவரவிருந்த நிலையில், 1987 மார்ச்சில் அவர் பிடிஎல் என்ற தம் தொலைக்காட்சி ஊழியத்தின் தலைமையிலிருந்து விலகினார். சிறைக்கு அனுப்பியது பண மோசடி. தென் கரோலினாவில் அவர் எழுப்பிய ஹெரிடேஜ் யுஎஸ்ஏ என்ற கிறிஸ்தவ உல்லாச வளாகத்துக்கு 1,000 டாலர் கொடுப்போர், ஆயுள் முழுவதும் ஆண்டுக்கு மூன்று இரவுகள் விடுதியில் இலவசமாகத் தங்கலாம் என்று திரையில் வாக்களித்தார். அங்கிருந்த கிராண்ட் விடுதிக்கு 25,000 பேர்தான் என்று அறிவித்துவிட்டு, 66,000 பேருக்கு மேல் சேர்த்தார். ஏறத்தாழ 500 அறைகள் கொண்ட அந்த விடுதி ஆண்டு முழுவதும் நிரம்பியிருந்தாலும் 182,500 இரவுகள்தான் கிடைக்கும். அவர் வாக்களித்தவையோ 198,000ஐத் தாண்டின. அடுத்து வாக்களித்த 21 மாடிக் கட்டடம் கடைசிவரை முடிக்கப்படவே இல்லை. 1989இல் 24 குற்றச்சாட்டுகளும் நிரூபணமாகி, 45 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நீதிபதி தம் சமய உணர்வைத் தீர்ப்பில் கலந்துவிட்டார் என்று கருதிய மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றத் தீர்ப்பை உறுதிசெய்து தண்டனையை மட்டும் ரத்து செய்தது. தண்டனை பின்னர் எட்டு ஆண்டாகக் குறைந்தது, 1994இல் விடுதலையானார்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்கிறதே வேதம்? மனம் திரும்பியவரைக் கிளறலாமா?

மன்னிப்பு வேறு, கணக்குக் கேட்பது வேறு. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் பவுல், தர்மப்பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்லக்கூடாது என்பதற்காகவே தீத்துவோடு வேறு சகோதரரையும் அனுப்புகிறார். அப்போஸ்தலரே ஏற்ற ஒழுங்கு தொலைக்காட்சி ஊழியருக்கு எப்படிப் பாரமாகும்?

அதே வாசகர்: அவர் திருந்திவிட்டாரே, ஐயா.

விசுவாசித்தால் செல்வம் பெருகும் என்ற செழிப்பு உபதேசம் தவறென்று 1996இல் அவர் வெளிப்படையாக எழுதியதை நான் மதிக்கிறேன். ஆயினும் 2020இல் அவருடைய நிகழ்ச்சியில் வெள்ளிக் கரைசல் ஒன்று கொரோனா கிருமிக்கு எதிராகப் பயன்படும் என்ற பேச்சோடு விற்கப்பட்டது; மிசௌரி மாநிலம் வழக்குத் தொடுக்க, 2021இல் வாங்கியவர்களுக்கு ஏறத்தாழ 156,000 டாலர் திருப்பித்தர பேக்கர் தரப்பினர் உடன்பட்டார்கள். நோய்க்கு அஞ்சி நடுங்கிய மக்களின் பணம் அது.

கெப்போங் வாசகர்: சிறைக்குக் காரணம் அந்தப் பெண்தானா?

முதல் பதிலைப் படியுங்கள்.

காஜாங் வாசகர்: நேரலையில் கியூஆர் குறியீடு காட்டிக் காணிக்கை கேட்கிறார்கள். அனுப்பலாமா?

கணக்குப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். இதை எத்தனை முறை கேட்டாலும் சொல்வேன். மலேசியாவில் சங்கமாகப் பதிவுபெற்ற சபை ஆண்டுதோறும் சங்கங்களின் பதிவிலாகாவுக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். அந்தக் கணக்கைக் கேளுங்கள். பணம் சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகிறதா, தனிநபர் கணக்குக்கா என்பதையும் பாருங்கள்.

பூச்சோங் வாசகர்: தசமபாகம் கட்டாயமா?

அதை உங்கள் போதகரிடம் கேளுங்கள்.