காசைக் கொட்டினால் வண்டி பறக்குமா? பைக் கேள்வி பதில்

பல வருடமாக பைக் ஓட்டுகிறவன், கொஞ்ச காலம் ஒர்க்‌ஷாப்பும் வைத்திருந்தவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்து சேர்ந்தன. ரேஸ் வண்டி பற்றி இல்லை. நம்பர் பிளேட்டோடு ரோட்டில் ஓடுகிற வண்டி பற்றி மட்டும்.

கிளாசிக் 350, சென்னை: அண்ணா, சைலன்சரும் ஏர் ஃபில்டரும் மாற்றினால் எவ்வளவு பவர் கூடும்? மாற்றிய நண்பன் "வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகுது" என்கிறான்.

தம்பி, உங்கள் நண்பருக்கு வேகம் காதில் கேட்கிறது, அவ்வளவுதான். கம்பெனியிலிருந்து வரும்போது உங்கள் 349 சிசி இன்ஜின் 20.2 பிஎச்பி (குதிரைத் திறன்) பவர் தருகிறது. சைலன்சர், ஃபில்டர் மாற்றி, அதற்கேற்ப இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூவையும் டியூன் செய்தால் ஒன்றிரண்டு பிஎச்பி கூடலாம். ஈசியூவைத் தொடாமல் விட்டால் அதுவும் சந்தேகம்தான். காற்று கூடும், பெட்ரோல் அதற்கேற்ப ஏறாது. சிக்னலில் கிளம்பும்போது முன்பு இருந்த இழுவைகூடக் குறையலாம்.

சரி, ஒன்றரை பிஎச்பி கூடியது என்றே வைத்துக்கொள்வோம். வேகம் கூடக் கூட காற்று எதிர்த்துத் தள்ளுவது பயங்கரமாக ஏறும். டாப் ஸ்பீடில் 10 சதவீதம் கூட்ட ஏறக்குறைய 33 சதவீதம் கூடுதல் பவர் வேண்டும். அந்தக் கணக்கில் 110-ல் நின்ற முள் 112, 113-க்குப் போகும். அதே வண்டி சமதளத்தில் 80-ல் போக சுமார் 8 பிஎச்பி போதும். மிச்சம் 12 பிஎச்பி ஏற்கெனவே கையில்தான் இருக்கிறது.

பல்சர் 150, தேனி: போடி மெட்டு ஏறும்போது பின்னால் ஆள் இருந்தால் வண்டி திணறுகிறது. செயின் ஓடும் முன் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல் குறைக்கலாமா?

இது நல்ல கேள்வி. இன்ஜினைப் பிரிக்காமல், குறைந்த செலவில் வித்தியாசம் தெரிகிற வேலை இது ஒன்றுதான். 15 பல் இருக்கும் இடத்தில் 14 பல் போட்டால் சக்கரத்துக்கு வரும் இழுவை 7 சதவீதம் கூடும். பவர் ஒரு துளியும் கூடாது, ஆனால் மலையில் அது தெரியாது. விலை பைபாஸில் கொடுக்க வேண்டும். இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் (ஆர்பிஎம்) ஓடிய அதே வேகத்துக்கு இப்போது 6400 வேண்டும். மலைப்பாதைதான் தினசரி என்றால் போடுங்கள், மாதம் ஒரு தடவை என்றால் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். முதலில் செயினையும் கிளட்ச்சையும் பார்த்துவிடுங்கள். கிளட்ச் தேய்ந்த வண்டியும் இப்படித்தான் திணறும்.

டியூக் 390, கோவை: கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. ஈசியூ டியூனா, எக்ஸாஸ்டா? எதை முதலில் செய்வது?

இரண்டும் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 40 பிஎச்பிக்கு மேல் தருகிற வண்டி அது. அவிநாசி ரோட்டில் அதில் பாதியைக்கூட நீங்கள் பத்து விநாடி சேர்ந்தாற்போல் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள். குறை இருப்பது நிற்பதிலும் திரும்புவதிலும். 80-ல் நிறுத்த ஆகிற தூரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் 100-ல் ஆகும்.

டயரில் ஆரம்பியுங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2219 என்றால் 2019-ஆம் வருடத்தின் 22-ஆவது வாரத்தில் செய்தது. டயர் பட்டன் எல்லாம் தேயாமல் அப்படியே இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருக்கும், மழையில் தெரியும். நல்ல பிடிமானமுள்ள ஒரு ஜோடி வாங்குங்கள், ஆனால் கம்பெனி சொன்ன சைஸிலேயே. அகல டயரைக் குறுகிய ரிம்மில் திணித்தால் ஓரங்கள் மடங்கி வண்டி திரும்ப மறுக்கும்.

அப்புறம் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயில் மலை இறக்கத்தில் சூடேறிக் கொதித்தால் லிவர் கைப்பிடி வரைக்கும் வந்துவிடும், வண்டி நிற்காது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சில நூறு ரூபாய்தான். ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டால் லிவர் இன்னும் கெட்டியாக இருக்கும். பின் ஷாக்கை உங்கள் எடைக்குத் தக்கபடி செட் செய்யுங்கள், அதற்குக் காசே இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் பணம் மிஞ்சும். அதை இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஒரு நாள் பயிற்சிக்குக் கொடுங்கள். இந்த வண்டியில் டியூன் செய்ய வேண்டிய முதல் பாகம் நீங்கள்தான். என் முதல் டிராக் நாளில் என்னைவிடப் பாதி சிசி வண்டிகள் என்னைத் தாண்டிப் போயின.

இன்டர்செப்டர் 650, திருச்சி: அண்ணா, வண்டியில் இப்படி மாற்றம் செய்து போலீஸ் பிடித்தால் உண்மையிலேயே எவ்வளவு அபராதம்?

அபராதத்தோடு முடிவதில்லைம்மா. பதிவுச் சான்றில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. சத்தம், புகை வரம்பை மீறினால் 10,000 வரை போகும், லைசென்ஸும் மூன்று மாதம் போகலாம். இன்ஷூரன்ஸுக்குச் சொல்லாமல் மாற்றியிருந்தால் விபத்துக்குப் பிறகு க்ளெய்மில் இழுபறிதான்.

ஆர்எக்ஸ்100, திருநெல்வேலி: சார், போர்ட்டிங் செய்து (சிலிண்டரின் துளைகளைச் செதுக்கி) எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற வயிறு பெருத்த சைலன்சர் மாட்டலாம் என்று இருக்கிறேன். வீணா?

இதற்கு மட்டும் வீண் என்று சொல்ல வாய் வரவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்டின் வடிவமே பவரைத் தீர்மானிக்கும். 98 சிசியில் 11 பிஎச்பி தந்த அந்த வண்டியில் சரியாகச் செய்தால் வித்தியாசம் நிஜமாகவே தெரியும். நானும் செய்தேன். சேம்பரை மாட்டிவிட்டு, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை "அடுத்த வாரம்" மாற்றுவதாக இருந்தேன். செங்கல்பட்டு தாண்டி முறுக்கிக்கொண்டு போகும்போது பெட்ரோல் போதாமல் பிஸ்டன் ஜாம். பின் சக்கரம் பூட்டியது, கிளட்ச்சைப் பிடித்ததால் விழவில்லை. மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது, ஜெட்டை மாற்றாமல் எடுக்காதே என்று சொன்னவரே அவர்தான். நீங்கள் செய்வதானால் ஜெட்டை முதலில் வாங்குங்கள். உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம் என்பதால் பழைய சிலிண்டரை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, வேறொன்றில் போர்ட்டிங் செய்யுங்கள்.

ஸ்பிளெண்டர், சேலம்: 100 ஆக்டேன் பெட்ரோல், இரிடியம் பிளக்?

ஆக்டேன் என்பது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து இன்ஜின் தட்டாமல் இருக்க, பவருக்கு அல்ல. உங்கள் வண்டி தட்டாது. இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும், வேறு ஒன்றுமில்லை.

கிளாசிக் 350, சென்னை, மறுபடி: இவ்வளவு சொல்கிறீர்களே, உங்கள் வண்டியில் சைலன்சர் மாற்றவே இல்லையா?

மாற்றினேன். இரண்டு மாதம் ஓட்டினேன். விடிகாலை நாலரைக்கு ஊருக்குக் கிளம்பியபோது தெருவில் இருந்த நாய்கள் மொத்தமும் எழுந்தன, அப்புறம் மாடி வீட்டுக் குழந்தையும். ஊரிலிருந்து திரும்பி வந்ததும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டேன். விற்க மட்டும் இன்னும் மனசு வரவில்லை.