சி.ஏ. பாதியில் இருக்கும்போது கணக்கீட்டில் முதுமாணி செய்யலாமா?

கேட்ட தங்கச்சி பி.கொம் முடித்துவிட்டு கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சி பெறுகிறார். பட்டயக் கணக்காளராவதற்கான சி.ஏ. படிப்பில் சில பாடங்கள் மிச்சம். அதை நிறுத்திவிட்டு தொழில்சார் கணக்கீட்டில் முதுமாணி செய்யலாமா என்கிறார்.

நிறுத்தாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, கணக்காய்வாளராக இருப்பவர் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்பினராகவோ பதிவுபெற்ற கணக்காய்வாளராகவோ இருக்க வேண்டும். முதுமாணிப் பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தினதாக இருந்தாலும் அந்த உரிமையைத் தராது. மிச்சப் பாடங்களை முடித்துவிட்டு வாருங்கள்.

அப்படியென்றால் முதுமாணி வீணா? இல்லவே இல்லை. நான் சி.ஏ. முடித்த பிறகுதான் சேர்ந்தேன். ஞாயிறு காலையில் 138 பஸ்ஸில் வகுப்புக்குப் போவேன்.

ஒரு வகுப்பில் எஸ்.எல்.எஃப்.ஆர்.எஸ் 16, அதாவது குத்தகைகள் பற்றிய இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம். வரப்போகும் கட்டட வாடகையை ஒரு வட்டி வீதத்தால் இன்றைய பெறுமதிக்குக் குறைத்து, சொத்தாகவும் பொறுப்பாகவும் ஐந்தொகைக்குள் கொண்டுவரும் வேலையைப் பயிற்சிக் காலம் முழுக்க எக்செலில் செய்தவள் நான். விரிவுரையாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: "இந்த வட்டி வீதத்தை எங்கேயிருந்து எடுத்தீர்கள்?" எனக்குச் சட்டென்று ஒரு பழைய தாள் நினைவுக்கு வந்தது. 2022 ஆகஸ்டில் ஒரு வாடிக்கையாளர் புதுக் கிளைக்குக் கட்டடம் எடுத்திருந்தார். நான் முந்தைய வருடத் தாளில் இருந்த 9 வீதத்தை அப்படியே இழுத்துப் போட்டிருந்தேன். அந்த ஏப்ரலில்தான் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியிருந்தது. கம்பனிக்குக் கடன் கிடைக்கும் வீதத்தை ஒட்டித்தான் அந்த எண் இருக்க வேண்டும்; அந்தக் கம்பனிக்கு 9 வீதத்தில் யார் கடன் கொடுத்திருப்பார்கள்? வீதம் குறைந்தால் பொறுப்பு கூடிக் காட்டும். மேலே பார்த்தவர்களும் கவனிக்கவில்லை. அன்று எனக்கு உண்மையாகவே நெஞ்சு பதைத்தது. எப்படிப் பதிவது என்று பயிற்சியில் கற்றேன். அந்த எண் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்கும் பழக்கம் அந்த வகுப்பில்தான் வந்தது.

உங்கள் முதல் பட்டம் விஞ்ஞானமோ பொறியியலோ என்றால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். அவுஸ்திரேலியாவில் இந்த முதுமாணிப் படிப்பு பெரும்பாலும் கணக்கீடு படிக்காதவர்களை இந்தத் தொழிலுக்குள் எடுப்பதற்காகவே இருக்கிறது. பி.கொம் முடித்த உங்களுக்கு அதில் பாதி, படித்ததையே திரும்பப் படிப்பதாக இருக்கும்.

சேரும்போது இன்னொன்றைப் பாருங்கள். இலங்கையில் பாடநெறி மட்டும் உள்ள முதுமாணி குறைந்தது 30 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்), ஆய்வும் சேர்ந்தது 60. விரிவுரையாளராகும் எண்ணம் துளியாவது இருந்தால் ஆய்வு உள்ளதையே எடுங்கள்.

அப்புறம், மார்ச் 31 வருட முடிவுக் கணக்குகள் வந்து குவியும் ஏப்ரல், மே மாதங்களில் முதல் அரையாண்டு தொடங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு வெள்ளவத்தை அறைக்கு வந்து ஒப்படை எழுத உட்கார்ந்தால் கண் தானாகவே மூடிவிடும்.