கரியமில வாயுக் கணக்குக்கு அப்பால், காடுகளை மீட்பதால் என்ன பயன்?

"மரம் வளர்ப்பது கரியமில வாயுவைக் குறைக்கத்தானே, வெப்பமும் வெள்ளமும் வறட்சியும் ஏற்கெனவே வந்துவிட்ட பிறகு, காடுகளைப் பராமரிப்பதும் மீட்டெடுப்பதும் அவற்றைத் தாங்கிக்கொள்ள எப்படி உதவும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கரியமில வாயுக் கணக்கு முக்கியமானதுதான். ஆனால் அதன் பலன் உலகம் முழுவதற்கும் பொதுவாக, மெல்லத்தான் வந்து சேரும். காடு தன் அருகில் வாழ்பவர்களுக்குச் செய்யும் உதவியோ மண்ணிலும் நீரிலும் நிழலிலும் இருக்கிறது. சில ஆண்டுகளிலேயே அது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.

மழை ஓய்ந்த மறுநாள் காட்டுக்குள் குனிந்து, சருகை விரலால் விலக்கிப் பாருங்கள். மேலே முழு இலைகள், அதன் கீழே நரம்பு மட்டும் எஞ்சிய இலைகள், அதற்கும் கீழே கறுத்து ஈரமாக உதிரும் மட்கு, ஊடே வெள்ளை நூல்களாகப் பூஞ்சை இழைகள், மண்புழுத் துளைகள். மழைத்துளியின் அடியைச் சருகு வாங்கிக்கொள்ள, மட்கிய வேர்கள் விட்டுச்சென்ற துளைகள் வழியாக நீர் கீழே இறங்குகிறது. மரங்களை இழந்து இறுகிப்போன நிலத்தில் அதே மழை மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடுகிறது. ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையும் அதன்பின் நீளும் வறட்சியும் கூடிவரும் காலத்தில், வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதும் ஊற்றுகள் வற்றாமல் காப்பதும் இந்த ஒரே மண்தான். பெருவெள்ளம் எல்லாவற்றையும் காடு தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நடுத்தர மழைகளில்தான் அதன் பயன் மிகத் தெளிவாகத் தெரியும்.

வெப்பத்திலும் இப்படித்தான். ஒரு பெரிய மரம் ஒரு நாளில் 100 லிட்டர் நீரை இலைகள் வழியே ஆவியாக்கினால், அதற்காக அது சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் ஏறத்தாழ 70 யூனிட் மின்சாரத்துக்கு ஈடானது. கடலோரங்களில் 100 மீட்டர் அகல அலையாத்திக் காடு, அலைகளின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கக்கூடும்.

ஆனால் இந்தப் பயன்கள் எந்த மரத்தை எங்கே நட்டாலும் கிடைத்துவிடுவதில்லை. மத்திய ஐரோப்பாவில் ஒரே இனமாக வளர்க்கப்பட்ட ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத் தோப்புகள் 2018-இல் தொடங்கிய வறட்சியில் வலுவிழந்து, பட்டை வண்டுகளுக்கு இரையாகி மலைமலையாகக் காய்ந்தன. தென்னாப்பிரிக்காவோ, நீரை மிகுதியாக உறிஞ்சும் அயல் மரங்களை நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து வெட்டி அகற்றவே 1995-இல் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஆகவே பராமரிப்பு என்பது சில இடங்களில் மரத்தை வெட்டுவதாகவும், அடர்ந்துவிட்ட இளமரங்களில் சிலவற்றை நீக்கி இடைவெளி விடுவதாகவும், பெருந்தீயைத் தவிர்க்கத் தகுந்த பருவத்தில் சருகைக் கட்டுப்பாட்டோடு எரிப்பதாகவும் இருக்கும். இயற்கையான புல்வெளியைப் புல்வெளியாகவே விட்டுவைப்பதும் அதில் அடங்கும்.

மீட்டெடுப்புக்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று நைஜர் நாட்டின் மராடிப் பகுதி. 1980-களின் தொடக்கத்தில் அங்கே மரக்கன்றுகளை நட்டு நட்டு அவை பட்டுப்போவதையே கண்டுவந்த டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர், மணலில் ஓட்டுவதற்காக வண்டிச் சக்கரங்களின் காற்றைக் குறைக்க இறங்கியபோது, பாழ்நிலத்துப் புதர் என்று தாம் நினைத்திருந்த ஒன்றை அருகில் சென்று பார்த்தார். அது வெட்டப்பட்ட மரத்தின் அடியிலிருந்து தழைத்த துளிர். வேர்கள் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தன. உழவர்கள் ஒவ்வொரு அடிக்கட்டையிலும் சில நல்ல துளிர்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்து, கால்நடைகளிடமிருந்து காத்தார்கள். இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேர் விளைநிலத்தில் மரங்கள் மீண்டன. மணற்காற்று இளம்பயிரைப் புதைப்பது குறைந்தது. மழை பொய்த்த ஆண்டுகளிலும் விறகும் தீவனமும் விற்கக் கிடைத்தன. மாறிவரும் காலநிலையைத் தாங்கி வாழப் பழகுவதைக் குறிக்கும் தகவமைப்பு என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான பொருளை நான் கண்டதில்லை.

உங்கள் பொறுப்பில் சீர்கெட்ட நிலம் ஏதேனும் இருந்தால், கன்றுகள் வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று மழைக்காலங்கள் மேய்ச்சலையும் தீயையும் அங்கிருந்து விலக்கி வையுங்கள். பிறகு, தானாக முளைத்தவை எவை, எந்த இடங்களில் எதுவுமே வரவில்லை என்று குறித்துக்கொண்டு, அந்த வெற்றிடங்களில் மட்டும் அந்த மண்ணுக்குரிய பலவகை மரங்களை நடுங்கள்.