நடு நட்டில் கை வைக்காதீர்கள் தம்பி

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்ததும் பழைய டொயோட்டா டாஸ் கார் ஒன்று வாங்கினீர்களாம். பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டொக் டொக் என்கிறதாம். ஒர்க்‌ஷாப்பில் கூலி கட்டுப்படியாகாது, வீட்டு வாசலிலேயே ஸ்ட்ரட்டை, அதாவது முன்சக்கரத்தின் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த பாகத்தை, மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வாடகை, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், வங்கிக் கணக்கு என்று ஒரு பட்டியல். அதற்கெல்லாம் பதில் சொல்ல இங்கே ஆள் நிறைய உண்டு. நான் ஸ்ட்ரட்டுக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் அதில் உயிர் போகும்.

மாற்றலாம். ஊரில் சைக்கிள் பஞ்சர்கூட ஒட்டாத ஆள் நான். வந்த புதிதில் கையில் காசில்லை, கார் இல்லாமல் வேலைக்குப் போகவும் வழியில்லை, அதனால் கற்றுக்கொண்டேன். இன்று எங்கள் வீட்டுக் காரை வேறு யாரும் தொடுவதில்லை.

பானட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் ஸ்ட்ரட்டின் தலை தெரியும். சுற்றிலும் பெரும்பாலும் மூன்று சின்ன நட், நடுவில் ஒரு பெரிய நட். சின்னவை ஸ்ட்ரட்டை பாடியோடு பிடித்திருப்பவை. நடு நட்டு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்திருப்பது. காரை ஜாக்கியில் ஏற்றி சக்கரம் தொங்கிவிட்டால் ஸ்பிரிங்கும் தளர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தளராது. கழற்றி வெளியே எடுத்துத் தரையில் போட்டாலும் அது அமுங்கியபடியேதான் கிடக்கும்.

டர்பனில் இந்தியர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்தில் நான் முதலில் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அங்கிள். அவர் கராஜ் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை, தகரம் வைத்து அடைத்திருப்பார். அவர் மைத்துனர் நடு நட்டைத் திறந்ததும் ஸ்பிரிங் பாய்ந்ததன் அடையாளம் அது. மைத்துனர் இன்னும் கொஞ்சம் குனிந்திருந்தால் கூரை தப்பித்திருக்கும்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சமமான சிமென்ட் தரை வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் பாதி வாசல் சரிவாக இருக்கும், அங்கே வேண்டாம். பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். காரோடு வந்த ஜாக்கியை நம்பி அடியில் கை விடாதீர்கள். காரைத் தாங்கி நிற்கும் ஆக்ஸில் ஸ்டாண்டு போட்டு, காரை ஒருமுறை அசைத்துப் பாருங்கள். போல்ட்டுகள் கடல் காற்றில் துருப்பிடித்து இறுகியிருக்கும், முந்தின நாளே துருவை இளக்கும் க்யூ20 ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். பிரேக் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். கீழே இரண்டு போல்ட், மேலே அந்தச் சின்ன நட்டுகள். ஸ்ட்ரட் முழுசாகக் கையில் வந்துவிடும்.

அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழையதையும் புதியதையும் தூக்கிக்கொண்டு ஷாக் மாட்டும் கடைக்குப் போனால், மெஷினில் அமுக்கி ஸ்பிரிங்கைப் பழையதிலிருந்து புதியதுக்கு மாற்றித் தருவார்கள். முழு வேலைக்குக் கேட்கும் கூலியில் சின்னப் பங்குதான் ஆகும். இல்லை, நானே செய்வேன் என்று அடம்பிடித்தால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் நல்ல கம்ப்ரசர் வாங்குங்கள். இரண்டு கொக்கியையும் நேர் எதிரெதிரே மாட்டி, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று கை ஸ்பேனரால் மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். நட்டை வேகமாகச் சுற்றும் இம்பேக்ட் கன் கூடவே கூடாது. மேல் தட்டு கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்த பிறகுதான் நடு நட்டு. முகமோ நெஞ்சோ அதற்கு நேரே இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்கள்.

இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அந்த அங்கிள்தான். எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று அரசு இனவாரிச் சட்டம் போட்டு, டர்பன் நகரத்து மேகசின் பேரக்ஸ் குடியிருப்பிலிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து விட்ட குடும்பம். தமிழ் பத்து வார்த்தை தேறாது, ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்காமல் இருந்ததில்லை. இப்போது ஐடி வேலைக்கு வந்து இறங்கும் நம்மவர்கள் சிலர் இவர்களைப் பார்த்து, தமிழ் தெரியாத தமிழனா என்று சிரிக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 1860 நவம்பரில் ஒப்பந்தக் கூலிகளோடு முதன்முதலாக வந்த ட்ரூரோ கப்பலில் வந்து கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அய்யா! அங்கிள் சனிக்கிழமை முழுக்க என் காருக்கடியில் படுத்துக் கிடந்துவிட்டு, காசு நீட்டினால் கோபித்துக்கொள்வார். ஆன்ட்டி மீன் கறியும் சோறும் கொண்டுவந்து வைப்பார். அதை கிரீஸ் கையோடு சாப்பிட்டிருக்கிறோம்.

அப்புறம் ஒன்று. என் கம்ப்ரசரை இரவல் கேட்காதீர்கள். நம்மூர்க்காரர் ஒருவர் வாங்கிப்போய் கொக்கியை வளைத்துத் திருப்பித் தந்தார், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளைந்த கொக்கி ஸ்பிரிங்கிலிருந்து வழுக்கும். அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். சனிக்கிழமை நீங்களே ஸ்ட்ரட்டோடு வாருங்கள், என் வாசலில் வைத்து அமுக்கிக்கொள்ளலாம்.