தட்டினால் ஓடும் ரோட்டரி கருவி: முதலில் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள்

கேள்வி: குளச்சலில் கடலை ஒட்டி வீடு. சிரட்டையில் கரண்டியும் சிறு விளக்குகளும் செய்து வருகிறேன். குடையவும் மெருகேற்றவும் பயன்படுத்தும் கையடக்க ரோட்டரி கருவி (230 வோல்ட், 135 வாட்) இப்போது வேலையின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. லேசாகத் தட்டினால் மீண்டும் ஓடுகிறது. காற்றுத் துளை வழியே தீப்பொறியும் தெரிகிறது. மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். வீட்டில் சரிசெய்ய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியும். காயில் எரிந்த மோட்டார் தட்டினால் ஓடாது. ஆகவே, மின்சாரம் போய்ச் சேரும் வழியில் எங்கோ தொடுப்பு விட்டுவிட்டுக் கிடைக்கிறது. வயரை அசைக்கும்போது மட்டும் கருவி நிற்கிறதென்றால், அது கருவிக்குள் நுழையும் இடத்தில் உள்ளே அறுந்திருக்கக்கூடும். அப்படி இல்லையென்றால் சந்தேகம் கார்பன் பிரஷ்ஷின் மீதுதான்.

உங்கள் கருவிக்குள் இருப்பது மிக்சியில் இருக்கும் அதே வகை மோட்டார். சுழலும் ஆர்மேச்சரின் நுனியில் செம்புப் பட்டைகளால் ஆன கம்யூட்டேட்டர் இருக்கும். இருபுறமும் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் நிற்கும் இரண்டு கார்பன் துண்டுகள், அதாவது கார்பன் பிரஷ்கள், அதை உரசியபடியே மின்சாரத்தைக் கடத்துகின்றன. உரச உரச அவை தேயும். தேய்ந்த அளவுக்கு ஸ்பிரிங் அவற்றை முன்னே தள்ள வேண்டும். சிரட்டைத் தூளும் கார்பன் தூளும் கலந்து பிரஷ் கூட்டில் படிந்து, உப்புக் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டால், பிரஷ் கூட்டிலேயே சிக்கிக்கொள்கிறது. தட்டும்போது அது நழுவி முன்னே வருகிறது, கருவி ஓடுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில், அதிலும் கடலோரத்தில், இந்தச் சிக்கல் எழுவதில் வியப்பில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். உள்ளே இருக்கும் சிறிய கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். பெரும்பாலான கருவிகளில் உடலின் இருபுறமும் காசு வடிவ பிளாஸ்டிக் மூடிகள் இருக்கும், அவற்றுக்கு உள்ளேதான் பிரஷ் இருக்கும், ஆகையால் உடலைப் பிரிக்க வேண்டியதில்லை. மூடியின் பள்ளம் முழுவதையும் நிரப்பும் அகலமான ஸ்குரூ டிரைவரையே பயன்படுத்துங்கள். சிறியதைக் கொண்டு திருகினால் பள்ளம் சிதைந்து, மூடியைக் கழற்றுவதே தனி வேலையாகிவிடும். பிரஷ்ஷை வெளியே எடுக்கும்போது எது எந்தப் பக்கம், எந்த முகம் மேலே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கம்யூட்டேட்டரின் வளைவுக்கு ஏற்ப அதன் முனை தேய்ந்திருப்பதால், திருப்பிப் போட்டால் சரியாகப் படியாது.

கார்பனின் நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தாலும், முனை உடைந்திருந்தாலும், ஸ்பிரிங் துருப்பிடித்தோ நிறம் மாறியோ இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள மின்கருவி உதிரிபாகக் கடைக்குப் பழைய பிரஷ்ஷையே கொண்டுசெல்லுங்கள். அகலமும் தடிமனும் சரியாகப் பொருந்துவதுதான் முக்கியம். சற்றுப் பெரியதே கிடைத்தால், சமமான பரப்பில் விரித்த உப்புத்தாளில் பக்கங்களைத் தேய்த்துக் குறைக்கலாம். சிறியதை மட்டும் வாங்காதீர்கள், அது கூட்டுக்குள் ஆடித் தீப்பொறியை அதிகமாக்கும்.

நீளம் போதுமானதாக இருந்தால் பிரஷ்ஷைத் துணியால் துடைத்து, கூட்டை உலர்ந்த சிறு தூரிகையால் சுத்தம் செய்தாலே போதும். எண்ணெயோ துரு நீக்கும் ஸ்பிரேயோ அங்கே கூடவே கூடாது. பஞ்சர் கடையின் காற்றைப் பயன்படுத்தும் வழக்கம் பலருக்கு உண்டு. அந்தக் காற்றில் தண்ணீரும் கலந்து வரும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

பிரஷ் கூட்டின் துளை வழியே டார்ச் அடித்துக் கம்யூட்டேட்டரையும் பாருங்கள். பழுப்பு நிறத்தில் மெல்லிய மெருகு தெரிந்தால் அது நல்ல அறிகுறி, சுரண்டிவிடாதீர்கள். பட்டைகள் கறுத்துக் கிடந்தால் மட்டும் உடலைப் பிரித்து, ஆர்மேச்சரை வெளியே எடுத்து, மரவேலைக்குப் பயன்படும் மிக மென்மையான உப்புத்தாளால் லேசாகத் துடைத்து, பட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தைச் சீவிய தென்னை ஈர்க்கிலால் சுத்தம் செய்யுங்கள். எமரி தாள் வேண்டாம். அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தி, பட்டைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடக்கூடும்.

மீண்டும் பூட்டியபின் நேராக பிளக்கில் செருகாமல், 100 வாட் குண்டு பல்பு மாட்டிய சீரிஸ் லேம்ப் (கருவிக்குப் போகும் மின்சாரம் பல்பு வழியே செல்லும்படி தொடராக இணைத்த அமைப்பு) வழியே முதலில் ஓட்டிப் பாருங்கள். பல்பு மங்கலாக எரிந்து கருவி மெதுவாகச் சுழன்றால் நேர் இணைப்பு கொடுக்கலாம். கருவி அசையாமல் பல்பு முழு வெளிச்சத்துடன் எரிந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, அதற்குமேல் முயல வேண்டாம். புதிய பிரஷ் போட்டிருந்தால், நடுத்தர வேகத்தில் சுமையின்றிச் சில நிமிடம் ஓடவிட்டு, அதன் முனை கம்யூட்டேட்டரோடு படிந்தபிறகே வேலைக்கு எடுங்கள். இத்தகைய கருவிகள் பலவற்றில் எர்த் இணைப்பு இல்லாத இரட்டைக் காப்பு அமைப்பே இருக்கும். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் ஈரத் தரையில் நின்று இதைச் சோதிப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பிரஷ் முனையில் நீல நிறத்தில் சிறு பொறிகள் தெரிவது இயல்பே. கம்யூட்டேட்டரைச் சுற்றி வளையமாக நெருப்பு ஓடினாலோ, காயில் எரிந்த வாடை வந்தாலோ, அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் மட்டும் கருகியிருந்தாலோ பழுது ஆர்மேச்சரில் இருக்கக்கூடும். அப்போது மோட்டார் காயில் கட்டுபவரிடம் கொடுத்துச் சோதிக்கலாம். ஆனால் இவ்வளவு சிறிய ஆர்மேச்சருக்குக் காயில் கட்டுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. அதே மாடலின் ஆர்மேச்சர் தனியாகக் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். புதிய கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வாங்கமாட்டேன். எந்த வேகத்தில் வைத்தாலும் கருவி முழு வேகத்திலேயே ஓடினால் கோளாறு ஸ்பீடு கண்ட்ரோல் போர்டில் இருக்கும். அதற்கும் மோட்டாரை மாற்றத் தேவையில்லை.